கேப்டன் பூகம்பத்தின் மேலங்கி

சக்கரபாணி பூதக்கண்ணாடியைப் பன்னிரண்டாம் பக்கத்தின் மேல் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொள்கிறார். மூச்சு விட்டால் அந்தப் பழைய காமிக்ஸ் தாள் உதிர்ந்துவிடும் என்பது ஒரு காரணம். கேப்டன் பூகம்பம் பாலத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பது இன்னொரு காரணம். பக்கத்தில் காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. கண்ணாடி கேப்டனின் முகத்தில் இல்லை, வில்லனின் துப்பாக்கியிலும் இல்லை. முதுகில் பறக்கும் மேலங்கியில் நிலைகுத்தி நிற்கிறது.

“பச்சைதான் கஸ்தூரி. புள்ளி எப்படி நெருக்கமா இருக்குது பாரு.”

“எனக்குச் சாம்பல்தான் தெரியுது. அதுவும் அடுப்புச் சாம்பல்,” என்கிறார் அவர் மனைவி, குனிந்து பார்த்துவிட்டு.

கஸ்தூரி சொல்வதில் பிழையில்லை. கேப்டன் பூகம்பம் வெளிநாட்டில் வண்ணத்தில் பிறந்து, தமிழுக்கு வரும் வழியில் கறுப்பு வெள்ளையானவர். சக்கரபாணி பள்ளிக்கூடப் பையனாகப் பேருந்து நிலையக் கடையில் வாங்கிய அந்தப் புத்தகங்களில் அட்டைக்கு மட்டும்தான் வண்ணம் உண்டு. அட்டை போட்டவரோ அன்றைக்கு எந்த மை மீதமிருந்ததோ அதைப் பூசியவர். ‘பல்லில்லாப் பயங்கரன்’ அட்டையில் மேலங்கி சிவப்பு. ‘கடலடியில் ஒரு கல்யாணம்’ அட்டையில் நீலம். ‘எரிமலைக்கு எதிர்வீடு’ அட்டையில் மேலங்கியே இல்லை; கோடையில் அச்சாகியிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேப்டன் பூகம்பம் திரைப்படமாக வருகிறார், தமிழ் பேசிக்கொண்டு. சுவரொட்டியில் ஒரு பெரிய காலடித் தடம் மட்டும்தான் இருக்கிறது. அதற்குள் எல்லாப் புத்தகங்களையும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று சக்கரபாணி தகரப்பெட்டியை இறக்கிவிட்டார். படிப்பதென்றால் உட்கார்ந்து படிப்பதல்ல. சண்டைக்கு முன்னால் கேப்டன் இடது கையை இடுப்பில் ஊன்றுவார், வலது முஷ்டியை வானத்துக்கு உயர்த்துவார், வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பார். பூமி பிளக்கும். சக்கரபாணியும் அந்தந்த இடத்தில் எழுந்து நின்று மிதிப்பார். சமையலறை டம்ளர்கள் கிணுகிணுக்கும்.

“கீழ்வீட்டுக்காரங்க மறுபடி வரப்போறாங்க பாருங்க,” என்று கஸ்தூரி உள்ளிருந்து குரல் கொடுப்பார்.

இவரை அலுவலகத்தில் பார்ப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நகல் இல்லாத தாளை அவர் மேசை ஏற்காது. கையொப்பம் இல்லாத நகலை அவர் கண் ஏற்காது. தட்டச்சுப் பிரிவு பொன்னி தன் பிறந்தநாளுக்கு இனிப்பு நீட்டியபோது, “பொறந்த தேதிக்கு ஜெராக்ஸ் குடுத்திருக்கியாம்மா?” என்று கேட்டவர். அப்படிப்பட்டவர், மேலங்கி பச்சை என்பதற்குச் சொல்லும் ஆதாரம்: “எனக்குத் தெரியும்.”

உனக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்லும் ஒரே ஆள் வீரேந்திரன். பள்ளியில் ஒரே பெஞ்சு, இப்போது கணக்கு வாத்தியார். கேப்டன் எவனையும் உதைப்பாரே தவிரக் கொல்லமாட்டார் என்பதால் வீரேந்திரனின் சமண வீட்டில் அனுமதிக்கப்பட்ட ஒரே வீரர் அவர்தான்.

“பூமிக்குள்ளருந்து வர்றவன்டா அவன். நெருப்புக்குழம்பு கலர்லதான் இருப்பான். ஆரஞ்சு.”

“பூமிக்கு மேல என்னடா இருக்குது? புல்லு. பச்சை.”

கைபேசியில் தட்டினால் அரை நிமிடத்தில் முடியும் வழக்கு. இருவரும் மறுத்துவிட்டார்கள். “அது பிட் அடிக்கிற மாதிரி,” என்றார் வீரேந்திரன். அதற்குப் பதிலாகப் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் அடுத்த பௌர்ணமிக்கு, ஜெயித்தவர் சொன்ன நிறத்தில் மேலங்கி போட்டுக்கொண்டு கிரிவலம் வர வேண்டும். சமணனான உனக்கு இது சரிப்படுமா என்று சக்கரபாணி கேட்டதற்கு, “நடக்கத்தானே போறோம், டாக்டரே சொல்லியிருக்காரு,” என்றார் வீரேந்திரன்.

அன்றிலிருந்து சக்கரபாணி வசனங்களில் நிறத்தைத் தேடினார். கிடைத்தது ஒன்றே ஒன்று: “அடே கயவா! என் மேலங்கியின் நிறத்தைக் கண்டாலே நீ நடுநடுங்குவாய்!” என்ன நிறம் என்று மொழிபெயர்த்தவர் சொல்லவில்லை. கயவனும் கேட்கவில்லை. கடைசியில் தன் பச்சை லுங்கியைச் சுருட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதை நகலெடுத்துவந்து, பன்னிரண்டாம் பக்கத்தோடு வைத்துப் பார்த்தார். அதே சாம்பல்!

“ஆரஞ்சுத் துணியையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாக்கறதுதானே?” என்றார் கஸ்தூரி.

“எதிர்க்கட்சிக்கு நாம ஏம்மா ஆதாரம் தேடணும்?”

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. திரையில் பூமி பிளந்து, புகை விலகி, கேப்டன் எழுந்தார். மேலங்கி பளபளவென்று ஆரஞ்சு. வீரேந்திரன் முறுக்குப் பொட்டலத்தை நண்பனிடம் நீட்டினார்.

“டப்பிங்ல மாத்திட்டானுங்கடா.”

“கலரை எப்பட்றா டப்பிங் பண்ணுவாங்க?”

சக்கரபாணிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அலுவலகம்தான் கண்ணில் நின்றது. திங்கட்கிழமை அவர் போவதற்குள் செய்தி அங்கே போயிருந்தது. கிரிவலத்தன்று அக்னி லிங்கத்தருகே கைபேசியோடு நிற்கப் பிரிவே தயாராகிவிட்டதாக மாறன் என்ற இளநிலை உதவியாளர் மரியாதையாகத் தெரிவித்தார். “அஞ்சு வருஷமா ஜெராக்ஸ் கடைக்கு ஓடியிருக்கேன் சார், ஒரே ஒரு போட்டோ,” என்றார் பொன்னி. இனி எந்த முகத்தோடு நகல் கேட்பது? சக்கரபாணி இரண்டு நாள் நகல் இல்லாத தாள்களையும் வாங்கிக்கொண்டார்.

மேலங்கிக்குத் துணி தேட வேண்டியிருக்கவில்லை. கஸ்தூரி கோயில் தெருவுக்குப் போய்க் காவி வேட்டி ஒன்று வாங்கிவந்து, கழுத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். “ஆரஞ்சுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா?”

பௌர்ணமி மாலை. வீரேந்திரன் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்தார். சக்கரபாணி தலையைத் தொங்கப்போட்டு, மேலங்கி பறக்க, கூட்டத்தில் இறங்கினார். அக்னி லிங்கம் வந்தது. மாறனும் பொன்னியும் மற்றவர்களும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி எட்டியெட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் காவித் துண்டு, காவி வேட்டி, காவிச் சால்வை என்று ஊரே போய்க்கொண்டிருந்தது. செங்கம் சாலைக் கஃபே வாசலில் நின்ற வெள்ளைக்காரர் உடம்பில் சக்கரபாணியைவிட இரண்டு முழம் காவி அதிகம். “சார் டபாய்ச்சிட்டாருப்பா,” என்று மாறன் சொன்னது சக்கரபாணியின் காதிலேயே விழுந்தது.

தப்பித்துவிட்டார். ஆனால் அடுத்த வளைவுக்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“என்னடா, ஒருத்தன்கூடப் பாக்கலியே! கேப்டன் பூகம்பம் போறான்டா!”

“போய் நின்னு, நான்தான்னு சொல்லேன்.”

“சொல்லித் தெரியணுமாடா? நிறத்தைக் கண்டாலே நடுங்கணும்டா!”

அப்போதுதான் ஆந்திரா பேருந்தில் வந்த ஒரு குடும்பம் வழியை மறித்தது. பெரியவர் ஒருவர் இவர் மேலங்கியின் நுனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் திணிக்கப்பட்டது. “ஸ்வாமி, ஆசீர்வாதம்,” என்று குடும்பம் முழுவதும் சாலையில் குனிந்தது.

வீரேந்திரன் வாயைப் பொத்திக்கொண்டு மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். சக்கரபாணி குனிந்த தலைகளைப் பார்த்தார். வாழைப்பழத்தை நண்பனிடம் கொடுத்தார். பிறகு இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது முஷ்டியை நிலாவை நோக்கி உயர்த்தி, வலது காலால் தார்ச்சாலையை ஓங்கி மிதித்தார்.