ஏலம் போன சஞ்சி

மூன்று வருடங்களுக்கு முன், கருங்கலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை நடந்த ஞாயிற்றுக்கிழமை அது. இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, ஜன்னல் கண்ணாடி வழியாக இளமஞ்சள் வெயில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி வெளிச்சத்தைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. சுயநினைவும் கொஞ்சம் குறைந்துவிடும்.

கேமரா, என் கணவர் துபாயிலிருந்து வாங்கி வந்தது. அதற்கு ஒரு பை தேர்ந்தெடுக்கத்தான் மாதக்கணக்கில் படாதபாடு பட்டேன். அவர் வீடியோ காலில் கடை கடையாக ஏறி இறங்கிக் காட்டுவார். ஒன்றில் லென்ஸ் நுழையாது, ஒன்று தோளை அறுக்கும். எல்லாமே கறுப்பாக, முரட்டுத்தனமாக, உள்ளே கேமரா இருப்பதை ஊருக்கே தண்டோரா போடுவதாகத் தோன்றியது. நானோ பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் தனியாகப் போகிறவள். கடைசியில் கட்டம் போட்ட கெட்டித் துணி ஒன்றை வாங்கி, தையல் தெரிந்த என் அண்ணன் மனைவியிடம் கொடுத்தேன். மைனி பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை வெட்டி, உள்ளே அறை அறையாக வைத்துத் தைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏட்டி, இது சஞ்சியா, மெத்தையா?"

"சஞ்சிதான் மைனி. பாக்கவனுக்கு உள்ள மரச்சீனிக்கெழங்கு இருக்குன்னு தோணணும்."

பையை எங்கள் பக்கம் சஞ்சி என்றுதான் சொல்வோம். என் திட்டம் பலித்தது, கொஞ்சம் அதிகமாகவே.

அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்குத் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாழைக்குலை, சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாப்பழம், தேங்காய், சில சமயம் காலைக் கட்டிய கோழி. எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்துகிடக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். வாய் கட்டிய சஞ்சிகளை அவிழ்க்காமலே ஏலம் விடுவது எங்கள் சபையில் ஒரு வேடிக்கை. எடுத்தவர் வீட்டில் போய்த்தான் பிரித்துப் பார்ப்பார்.

அந்தக் குவியலைப் படம் எடுக்க முழங்காலிட்டபோது, என் சஞ்சியின் வாயைக் கட்டி, குவியலின் ஓரமாக வைத்தேன். வைத்ததோடு சரி, மறந்தும் போனேன். சக்கையின் முள்ளில் வெயில், கோழியின் கழுத்தில் வெயில், ஏலம் விடுகிறவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு கட்டம் போட்ட சஞ்சியில் வெயில். ஐயோ, என்ன அழகு என்று சொக்கிப்போய் நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்பதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகுதான் சஞ்சியைத் தேடினேன். காணோம். லென்ஸ் போனால் போகட்டும். முந்தின நாள் என் தோழிக்குக் கல்யாணம். ஸ்டுடியோ எல்லாம் வேண்டாம், நீ எடுத்தால் போதும் என்று என்னை மட்டுமே நம்பியிருந்தாள். அந்தப் படங்கள் மொத்தமும் இருந்த மெமரி கார்டு அந்தச் சஞ்சிக்குள்தான் இருந்தது. வேறு எதிலும் அதை நான் ஏற்றி வைக்கவில்லை.

எங்கே வைத்தேன் என்று பார்க்கக் கேமராவில் படங்களைப் பின்னோக்கித் தள்ளினேன். இருந்தது. சொக்கிப்போய் எடுத்தேனே, அந்தக் கட்டம் போட்ட சஞ்சி! அடுத்த படத்தில் ஓர் அக்கா அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் யோசித்துத் தைத்த பை, எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஏலம் விட்டவரிடம் படத்தைக் காட்டினேன். "இவியளா? புதுக்கடை ஊர்க்காரியாக்கும். பஸ்ஸுக்குப் போயாச்சே" என்றார். ஸ்கூட்டரை முறுக்கினேன்.

நல்லவேளை, அவர் பஸ் ஸ்டாப்பில்தான் இருந்தார். சஞ்சி மடியில், கட்டு அவிழாமல். மூச்சு வாங்க நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கட்டை அவிழ்த்தார். ஸ்பாஞ்சுக்குள் கிடந்த லென்ஸைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்க ஆண்டவரே! நான் நாலு நேந்திரங்காய் இருக்கும்னு நெனச்சேன் மக்கா."

அவர் கொடுத்த ஏலப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அது கர்த்தருக்குக் குடுத்ததாக்கும். அதைத் திருப்பி வாங்கப்பிடாது" என்றார். பிறகு வெறும் மடியைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "எனக்க வீட்டுக்காரருக்கு நடக்க முடியாது. அவியட்ட கோயில்ல இருந்து ஒண்ணு கொண்டுவாறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஏலமும் முடிந்துவிட்டது, என்னிடம் கொடுக்க ஒரு பழம்கூட இல்லை. சட்டென்று லென்ஸ், கார்டு, சார்ஜர் எல்லாவற்றையும் என் ஹெல்மெட்டுக்குள் அள்ளிப் போட்டேன். ஸ்பாஞ்சை உருவி எடுத்துவிட்டுச் சஞ்சியை நீட்டினேன்.

"பீடத்துக்கு முன்ன இருந்து ஏலம் போனது இதுதானே அக்கா?"

"போரும் மக்கா, இது போரும்" என்று வாங்கி, மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் வந்தது. ஹெல்மெட்டைக் குழந்தையைப்போல இடுக்கிக்கொண்டு, ஸ்கூட்டரைத் தொடவும் தோன்றாமல் ஈரச் சாலையில் நின்றேன். அந்த வெளிச்சம் அப்போதும் போகவில்லை.

தோழிக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு மாதம் கழித்து, அந்த அக்காவின் படத்தைப் பிரிண்ட் போட்டு, விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்த அவர் கணவரின் தலைமாட்டில், ஒரு ஆணியில் என் சஞ்சி தொங்கியது.

"அவியளுக்க மருந்து எல்லாம் அதுலதான். வேற எதுலயும் வைக்க விடமாட்டாவ" என்றார் அக்கா.

இப்போது என் தோளில் கணவர் அனுப்பிய கறுப்புப் பைதான். ஆனால் உள்ளே இருப்பதை யாரும் அறியக் கூடாது என்று நான் தைக்கச் சொன்ன சஞ்சியை, உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாமல் அந்த அக்கா மடியில் அணைத்திருந்தாரே, அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், எது விலைமதிப்புள்ளது என்று அன்று நான் நினைத்திருந்தேனோ அது எனக்கு மறந்தே போகிறது.