மூடிய கண்ணாடிக்குள் அண்ணன்

புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய பிரெஞ்சுத் துரை வீட்டார், ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மை விமானப் பெட்டிகள் இரண்டை எனக்குக் கொடுத்தார்கள். இரண்டையும் அறுத்து ஒட்டி, நிலாவுக்குப் போகும் கப்பல் செய்தேன். அதை ஓட்டும் பொம்மைக்கு என் அண்ணனின் மீசையை வரைந்தேன்.

"முறைக்கிறதுகூட அவரு மாதிரியே இருக்கு தம்பி," என்று அண்ணி சிரித்தார்.

அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில், அல்ஜீரியாவில் இருந்தார். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

பசை காயும் முன்பே அந்தப் பொம்மையின்மேல் கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டேன். காலையில் அதன் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"தம்பி, அவருக்கு மூச்சு முட்டுது. தொறந்துடு."

"பசையோட ஆவி அண்ணி. தொறந்தா கப்பல் ஒடைஞ்சிடும்."

அண்ணி அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. நான் கப்பலைப் பரண்மேல் பத்திரமாக வைத்தேன்.

கடிதம் வரவேயில்லை. கப்பலை உடைத்திருந்தாலும் அண்ணனுக்கு எதுவும் மாறியிருக்காது. அண்ணிக்கு ஒரு வாய்ச் சோறாவது இறங்கியிருக்கும்.