மெழுகுக்கட்டியும் மாரியம்மா கொரலும்

ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்த சதைத்துண்ட மெழுகுக்குள்ள பொதிஞ்சு தருவாவ. அந்தக் கட்டிய கோவில்பட்டியில வாங்கி, பஸ் ஏறி, திருநெல்வேலி லேபுல சேக்கதுதான் நம்ம பொழப்பு. ரிப்போர்ட்டுக்காக பெஞ்சியில கெடந்து முதுகு நொந்த மக்களே, உங்க கதைதான் நம்ம கதையும். ஒரு தடவ நான் சொமந்தது என் வீட்டுக் கட்டி.

என்ஜின் மேல வச்ச பை

வேலைக்குச் சேந்த புதுசு. பஸ்ல நிக்க எடமில்ல. யாரு கொரலும் எனக்கு அச்சா வரும்; பைய என்ஜின் மூடி மேல வச்சிட்டு, வெளையாட்டுக்கு கண்டக்டர் கொரல்ல "கயத்தாறு எறங்கு, கயத்தாறு எறங்கு"ன்னேன். நாலு பேரு மூட்டையோட எந்திரிச்சிட்டாவ! கயத்தாறுக்கு இன்னும் அரமணி நேரம் கெடக்கு. அந்தக் கூத்துல பைய மறந்துட்டேன். லேபுல தொறந்தா மெழுகு ஒரு ஓரமா வளைஞ்சு கெடக்கு. நல்லவேள, உள்ள இருந்த சதைக்கு ஒண்ணும் ஆகல. லேபு அக்கா கண்ணாடிக்கு மேல பாத்தாவ.

"அண்ணாச்சி, இது ஒருத்தர் உசுரு. நீங்க சூடு பண்ணித் திங்கக் கொண்டாந்த இட்லி இல்ல."

முட்டைய நிறுத்துனவரு

அந்தச் சதையில இன்ன புரோட்டீன் இருக்கா இல்லையான்னு லேபுல பாப்பாவ. மார்க்கர்னு பேரு. நோய் எப்படிப் போகும், வைத்தியத்துக்கு மசியுமான்னு அத வச்சு ஓரளவு சொல்லுவாவ. அடித்தொண்டையில வார புத்துநோய்க்கு ஒரு மார்க்கர் உண்டு. அது 'இருக்கு'ன்னு வந்தா பெரும்பாலும் நல்ல சேதிதான்.

புதூர்ல ஆடு மேய்க்க அண்ணாச்சி ஒருத்தருக்கு 'அந்தப் புரோட்டீன் இருக்கு'ன்னு வந்திச்சு. மனுசன் பயந்துபோய் முட்ட, பயறு, கறி எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. டாக்டரம்மா தலையில கைய வச்சிட்டாவ. "அய்யா, அது கட்டிக்குள்ள உள்ளது. நீங்க தின்னா ஏறாது, தின்னாட்டி கொறையாது. ஒடம்புல தெம்பு வேணும், நல்லாச் சாப்பிடுங்க"ன்னாவ. வாசல்ல வச்சு நான் அவிய கொரல்லயே இன்னொரு தடவ சொன்னேன். அவரு சிரிக்கல.

"அப்பம் ஒரு வாரமா பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தூக்கிக் குடுத்த முட்டைய யாரு தருவா?"

மடியில வச்ச டப்பா

என் வீட்டுக்காரி மாரியம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல மிசின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகுனவ. அவ ஏசுனா தெருமுக்குல கேக்கும். அவளுக்கும் அடித்தொண்டையில அந்தப் புத்துநோய் வந்திச்சு. அவ கட்டி இருந்த டப்பாவையும் நான்தான் கொண்டுபோனேன். என்ஜின் பக்கமே போகல. ரெண்டு கையாலயும் மடியில பிடிச்சிக்கிட்டு, 'இருக்குன்னு வரணும், இருக்குன்னு வரணும்'னு அது ஒண்ணுதான் மனசுல. கயத்தாறு வந்திச்சு, நான் வாயத் தொறக்கல. கண்டக்டர் குனிஞ்சு பாத்தாரு.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு என் கொரலு உங்களுக்கு வரலையா?"

வீட்டுல ரெண்டு கொரலு

'இருக்கு'ன்னுதான் வந்திச்சு. "நம்பிக்கையா இருங்க. ஆனா முழு உறுதின்னு எழுதித்தர ஏலாது"ன்னாவ டாக்டரம்மா. கரண்டுன்னு சொல்லுத கதிர்வீச்சு வச்சு முடிச்சதுல தொண்ட வெந்துபோய் அவளுக்குப் பேச்சு நின்னுபோச்சு. வீடு கம்முனு கெடந்தா எனக்குக் கால் உள்ள போவ மாட்டேங்குது. வாசல்ல நின்னு அவ கொரல்ல நானே, "ஏங்க, காலக் கழுவிட்டு வாங்க"ன்னு சத்தம் போடுவேன்; பொறவு காலக் கழுவிட்டு உள்ள போவேன்.

போன வாரம் அவ காலண்டர் தாளக் கிழிச்சு எழுதி நீட்டுனா.

"என் கொரல்ல நீங்க பேசாதீங்க. கொஞ்சம் பொறுங்க, நானே வந்து ஏசுதேன்."

ஊர்க்காரன் கொரலையெல்லாம் கேக்காம எடுத்துப் பேசுனவன், இப்பம் ஒரு ஏச்சுக்காக தெனமும் காலக் கழுவாமலே வாசல்ல நிக்கேன்.