மூட்டைக்குள் இளவரசன்

அரிசி மில் முதலாளிக்குச் சுத்தமாக நடிக்க வராது. ஆனால் எங்கள் நாடக மன்றத்தில் வேஷம், சீன் எல்லாம் அவர் செலவு. அதனால் சிம்மாசனமும் அவருக்கே. எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் நாங்கள் போட்ட ஒற்றன் நாடகத்தில், அரியணையைப் பிடுங்கிக்கொள்ளும் சித்தப்பா அவர்தான். நான் இளவரசன். என்னைக் கடத்தி, கைகாலைக் கட்டி, கோணிமூட்டையில் போட்டுத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். கடைசிக் காட்சியில் ஒற்றன் அவரைக் கீழே இழுத்துத் தள்ளி, மூட்டையை அவிழ்த்து எனக்கு முடிசூட்ட வேண்டும்.

அந்தக் கிரீடம் எனக்கு முக்கியம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள், பெண்ணோடு. ஆபீசில் பார்த்தால் நான் வெறும் குமாஸ்தா. மேடையில் பார்க்கட்டும் என்று நான்தான் அந்த நாளைச் சொல்லியிருந்தேன்.

கோணியில் முன்பு மிளகாய் இருந்திருக்க வேண்டும். கண் எரிய எரியக் காத்துக் கிடந்தேன். ஒற்றன் வந்தான். அந்த வேஷம் போட்டவர் மில்லின் கணக்குப்பிள்ளை. முன்வரிசையில் முதலாளியின் சம்பந்தி வீட்டார். அவர்கள் பார்க்கத் தன் கணக்குப்பிள்ளை தன்னை இழுத்துத் தள்ளுவதா என்று மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"இன்னாய்யா, நாளைக்கு மில்லுக்கு வரணுமா வேணாமா?" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது மூட்டைக்குள் எனக்குக் கேட்டது.

கணக்குப்பிள்ளை வாளைக் கீழே வைத்தார். "மன்னா, இளவரசரை எங்கு தேடியும் காணவில்லை. தாங்களே ஆள வேண்டும்" என்றார்.

"யோவ், இங்கதான்யா இருக்கேன், அவுத்துவுடுய்யா" என்று கத்தினேன். அதற்குள் ஆர்மோனியக்காரர் மங்களம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் என் குரல் கோணியைத் தாண்டவில்லை. தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் திட்டினேன். சனம் கைதட்டியது. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். என்னை மூட்டையில் போட்டதை எல்லோரும் பார்த்தார்கள். இளவரசன் என்ன ஆனான் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

திரை விழுந்த பிறகுதான் அவிழ்த்துவிட்டார்கள். சிவந்த கண்களோடு வெளியே ஓடினேன். பெண் வீட்டார் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்கள். நடந்த அநியாயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. அவ்ளோ நேரம் அசையாம, ஒரு வார்த்தை பேசாம இருந்தீங்களே. இந்தக் காலத்துல இப்படி அடக்கமான புள்ள எங்க கெடைக்கும்? எங்களுக்குச் சம்மதம்ங்க."

அந்த அடக்கத்தை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "அன்னிக்கு மூட்டைல எவ்ளோ நல்லா இருந்தீங்க" என்கிறாள்.