நோவு என்றால் வலி

“நாலு எழுத்து படிச்சிக்கினு இன்னாத்தக் கிழிக்கப் போற, எங்க வவுத்தயா?” நர்ஸ் பயிற்சிக்கு நான் கிளம்பிய அன்று சித்தப்பா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது புதுவாயல் மருந்துக்கடையில் ஒரு ஸ்பிரிட் பாட்டில் உடைந்தது. அந்த நெடியில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான் முதலில் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்துவிட்டது. வெள்ளை ஷூவைப் பளிச்சென்று துடைத்துப் போட்டுக்கொண்டு நடப்பேன். வார்டே என்னைப் பார்க்கிறது என்று நினைப்பு. பார்த்தவர்கள் பெட்பேன் கேட்டார்கள்.

அங்கிருந்த டாக்டர் தெற்கத்திக்காரர். குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரண்டு விதமாக மரப்பு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலருக்குத் தையல் போடும்போதே காயத்தின் ஓரமெல்லாம் ஊசி. சிலருக்கு முதுகில் மெல்லிய குழாய். மரப்பு தெளியத் தெளிய அதன் வழியே மறுபடி மருந்து விடுவார்கள். எது தேவலாம் என்று அறிய, ஒவ்வொரு கட்டிலாக நின்று “வலி இருக்கா?” என்று கேட்பார். எல்லாரும் இல்லை என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டி, குழாய் வைப்பதை நிறுத்திவிட்டார்.

எங்கள் ஊர்ப்பக்கம் உடம்பில் படும் வேதனைக்கு நோவு என்று பெயர். வலி என்றால் நுரை தள்ளிக் கைகால் இழுக்கிற நோய். தனக்கு அது உண்டென்று யார் சொல்லிக்கொள்வார்கள்?

அப்போதுதான் சித்தப்பாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ஆபரேஷன் ஆயிற்று. காயத்தைச் சுற்றிப் போட்ட ஊசி அன்றைக்கே தெளிந்துவிட்டது. முழங்காலை மடக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தவரிடம் டாக்டர் வழக்கம்போல் கேட்டார்.

“அதெல்லாம் நமக்கு இல்லீங்க,” என்றார் சித்தப்பா. “எங்க வம்சத்துலயே கெடையாது.”

“சார், அவர் வலிப்பைச் சொல்றார். நோவு இருக்கான்னு கேளுங்க,” என்றேன்.

“எனக்குத் தமிழ் தெரியும்மா. நீ ஜுரம் பாரு.”

ஜுரம் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. நோவுக்குப் பயந்து இருமாததால் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. காயத்தின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்து, இருமுங்கள் என்று கெஞ்சினேன்.

“நோவுது கண்ணு, வுட்டுடு,” என்றார். என்னிடம் சரியான வார்த்தையைத்தான் சொன்னார். மருந்து எழுதும் கை என்னுடையதல்ல. மறுபடி டாக்டரிடம் போனேன். நோயாளியே வலி இல்லை என்கிறபோது உனக்கென்ன என்றார்.

சித்தப்பா அந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. குடல் நன்றாகத்தான் கூடியிருந்தது, சளிதான் கொண்டுபோய்விட்டது என்று ஊராரிடம் டாக்டர் விளக்கினார். ஆபரேஷன் வெற்றி என்பதுபோல் இருந்தது.

இப்போது அந்த வார்டு இல்லை. இடித்துவிட்டு கம்பெனிக்காரர்கள் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். நோவு என்ற சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் அப்படிச் சொன்னால் பள்ளியில் சிரிக்கிறார்களாம். இன்னும் கொஞ்ச நாளில் அந்த டாக்டரின் கேள்வி சரியாகிவிடும்.

நான் அதுவரை காத்திருக்கவில்லை. மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மயக்க மருந்துப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே முதுகில் குழாய் வைக்கிறார்கள். வாய் சொல்லும் பதிலை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொருவரையும் இருமச் சொல்லி முகத்தைப் பார்க்கிறேன்.