இலை தின்றது யார்

வண்ணத்துப்பூச்சிகள் வரட்டும் என்றே கலேவெல வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை நட்டிருக்கிறேன். இன்று காலை ஒரு கொப்பு மொட்டையாக நின்றது. இலைமேல் காக்கை எச்சம் போலக் கிடந்த புழுவைக் குச்சியால் தொட்டேன். சிவப்புக் கொம்பு இரண்டை நீட்டி, அழுகிய தேசிக்காயின், எலுமிச்சையின், நாற்றம் விட்டது.

என் சின்ன வயதில் மாத்தளை வீட்டில் எங்கள் கறிவேப்பிலை மரமும் இப்படித்தான் மொட்டையானது. உம்மாவின் சந்தேகம் பக்கத்து வீட்டு சுபைதா மாமி மேல். "ரெண்டு இலை எடுக்கிறேன்" என்று வேலியில் நின்று குரல் கொடுத்துவிட்டு எடுப்பது எங்கள் தெரு வழக்கம். மாமியோ பல நாளாகக் குரலே கொடுக்கவில்லை.

"கேக்காமலே எடுக்கிறா, கள்ளி" என்பார் உம்மா. துணி காயப்போடும் சாக்கில் வேலியையே பார்த்து நிற்பார். நானும் நம்பி, மாமியின் மகளோடு விளையாடுவதை நிறுத்தினேன்.

ஒரு பகலில் உம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாமியின் குசினிக்குப் போனார். பேச்சோடு பேச்சாகப் பருப்புச் சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஓர் இலைகூட இல்லை.

மாமி சிரித்தார். "ஒங்க மரமே மொட்டையா நிக்குது. பாவம்னுதான் நான் கேக்காம இருக்கேன்."

மறுநாள் உம்மா இலையில் கிடந்த காக்கை எச்சத்தைக் கழுவப் போனார். அது ஊர்ந்தது. மாமியிடம் உம்மா அதைக் கடைசிவரை சொல்லவில்லை.

இன்று என் கொல்லைப் புழுவை அப்படியே விட்டேன். அதற்காகத்தானே நட்டது. ஆனால் மதிலுக்கு அப்பால் தாளிக்கும் சத்தம் கேட்டதும், கறிவேப்பிலை மணக்கிறதா என்று என் மூக்கு தேடியது.