கோல்கீப்பரைக் கொடுத்து வாங்கிய முழங்கால்

மழையில் ஆடிய நாள்களில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு பூட்டு என்பவன் மட்டும் பின்தங்குவான். ஈர பூட்ஸுகளுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஜன்னலோரம் சாய்த்து வைப்பான். மறுநாள் காய்ந்த பூட்ஸில் காலை நுழைத்தவர்கள் மைதானக் காவல்காரருக்கு நன்றி சொன்னார்கள். காவல்காரரும் மறுக்கவில்லை, பூட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவன் கோல்கீப்பர். அவன் நின்றால் பந்து உள்ளே போகாது என்று வைத்த பெயர்தான் பூட்டு. அணியின் மேனேஜருடைய மனைவிக்கு அவன் தம்பி.

அந்த வருடம் எதிர் அணி ஒரு பேச்சோடு வந்தது. அவர்களுடைய மின்னல், கோல் போடுவதில் பேர்பெற்ற ஆட்டக்காரன், முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். அவனைத் தருகிறோம், பதிலுக்குப் பூட்டைக் கொடுங்கள் என்றார்கள்.

மேனேஜருக்குச் சோறு இறங்கவில்லை. கால் தேறினால் கோப்பை கைக்கு வரும். தேறாவிட்டால் கையில் இருந்ததும் போச்சு.

"தாங்கலாம், தாங்காமலும் போகலாம். கொஞ்ச மாசம் பொறுத்துப் பாருங்க" என்றார் டாக்டர்.

"பொறுத்தா வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்யா" என்றார் சங்கத் தலைவர். "கோலைத் தடுக்கறவனைப் பாக்க எவன் டிக்கெட் வாங்குறான்? போடறவனைப் பாக்கத்தானே கூட்டம் வருது!"

வீட்டிலோ மனைவி கரண்டியும் கையுமாக நின்றாள். "என் தம்பியைக் குடுத்துட்டு நொண்டிக் குதிரையைப் பிடிச்சுட்டு வரப் போறீங்களா? அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கையெழுத்தானதும் நானே பக்குவமா சொல்லிக்கிறேன்டி."

அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை. அதுதான் நிஜம்.

மின்னலைச் சோதிக்க மைதானத்துப் படிக்கட்டில் ஏறச் சொன்னார்கள். மான் மாதிரி ஏறினான். உச்சியில் நின்று கையசைத்தான், கீழே கைதட்டல். அவன் இறங்குவதை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குள் எல்லோரும் தேநீரோடு பேரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் மட்டும் ஒருமுறை திரும்பினார். மின்னல் கம்பியை இறுகப் பிடித்து, ஒரு காலையே முன்னால் வைத்து வைத்து இறங்கிக்கொண்டிருந்தான். களைப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடவுள்மேல் பாரத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்தார். கடவுள் காட்டியதைத்தான் பார்த்தும் பார்க்காமல் விட்டோம் என்பது பிறகுதான் உறைத்தது.

செய்தி பூட்டுக்கு வானொலியில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் வந்து கையுறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

மின்னல் மூன்றாவது ஆட்டத்தில் திரும்பும்போது விழுந்தான், பிறகு ஆடவே இல்லை. கோல் வாசலில் நின்ற புதியவனைத் தாண்டிப் பந்து போய்க்கொண்டே இருந்தது. ஆனால் மேனேஜரை அரித்தது கோப்பை அல்ல. அதன் பிறகு பூட்டு அக்கா வீட்டுக்கு வரவே இல்லை.

சில வருடம் கழித்து வெளிநாட்டில் வேலை கிடைத்துப் பூட்டு குடும்பத்தோடு கிளம்பினான். ரயிலடிக்கு மேனேஜர் தனியாகப் போனார். பெட்டிக்குள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்ள, அந்தக் காலை நான் சரியா எடை போடலடா" என்றார்.

பூட்டு சிரித்தான். அதற்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. போன இடத்தில் காய்ச்சல் கண்டு அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அன்று சிரித்தபடியே பூட்டு சொன்னது இதுதான்: "காலு யாருக்கு அத்தான் தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, போறேன்னு நானே சொல்லியிருப்பேன். சரி, வண்டி நகருது, இறங்குங்க. நான் இப்படிச் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க, உங்களை வறுத்தெடுத்துடுவா."